தோல்வியைப் பாடமாக்கிய மருத்துவர்

நுழையும்முன்

முயன்றால் முடியாதது இல்லை என்று நாம் அடிக்கடி கேட்கிறோம். ஆனால், செய்ததையே மீண்டும் மீண்டும் செய்வது மட்டும் முயற்சி ஆகாது. ஒரு செயல் தவறும்போது, அது ஏன் தவறியது என்று நின்று ஆராய்வதும் முயற்சியே ஆகும். இரத்தப் புற்றுநோய்க்குத் தீர்வு தேடிய ஒரு மருத்துவ அறிவியலாளரின் வாழ்க்கை இதனை எடுத்துக்காட்டுகிறது. அவர் நோயாளிகளிடம் மேற்கொண்ட தொடக்க முயற்சிகள் தோல்வியில் முடிந்தன. அதன்பின் அவர் என்ன செய்தார் என்பதே இப்பாடம்.

எலும்புக்குள் ஒரு நாற்றங்கால்

நம் உடலில் ஓடும் இரத்தத்தில் மூவகை அணுக்கள் உள்ளன. சிவப்பணுக்கள் நுரையீரலிலிருந்து உயிர்வளியை உடலெங்கும் சுமந்து செல்கின்றன. வெள்ளையணுக்கள் நோய்க்கிருமிகளை எதிர்த்துப் போராடுகின்றன. தட்டணுக்கள் காயம்பட்ட இடத்தில் இரத்தத்தை உறையச் செய்கின்றன. இவ்வணுக்களில் பெரும்பாலானவை நெடுநாள் வாழ்வதில்லை. ஒரு சிவப்பணுவின் வாழ்நாள் ஏறத்தாழ 120 நாள்கள். தட்டணுவின் வாழ்நாள் ஏறத்தாழ 10 நாள்கள். ஆகவே, அழிந்தவற்றின் இடத்தில் புதிய அணுக்கள் நாள்தோறும் தோன்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

அவை தோன்றும் இடம் எலும்பு மஜ்ஜை. இடுப்பெலும்பு, மார்பெலும்பு, முதுகெலும்பு போன்றவற்றின் உள்ளே இருக்கும் மென்மையான பகுதியே மஜ்ஜை. அதில் மிகக் குறைந்த எண்ணிக்கையில் சில சிறப்பு அணுக்கள் உள்ளன. அவை தம்மைப் போன்ற அணுக்களையும் உண்டாக்கும். மூவகை இரத்த அணுக்களாகவும் வளரும். அவற்றை இரத்தக் குருத்தணுக்கள் என்பர். மருத்துவமனைகளில் அவை ‘ஸ்டெம் செல்’ என்று வழங்கப்படுகின்றன. நெல்வயலுக்கு நாற்றுகளைத் தருவது நாற்றங்கால். இரத்தத்திற்கு அணுக்களைத் தரும் நாற்றங்கால் எலும்பு மஜ்ஜை.

நாற்றங்காலில் களை மண்டினால் பயிர் என்ன ஆகும்? இரத்தப் புற்றுநோயில் அதுவே நிகழ்கிறது. முதிர்ச்சி அடையாத வெள்ளையணுக்கள் கட்டுப்பாடின்றிப் பெருகி மஜ்ஜையை நிறைத்துவிடுகின்றன. நல்ல அணுக்கள் தோன்ற இடம் இல்லாமல் போகிறது. சிவப்பணுக்கள் குறைவதால் உடல் வெளுக்கிறது. தட்டணுக்கள் குறைவதால் ஈறுகளிலும் தோலுக்கு அடியிலும் இரத்தம் கசிகிறது. நல்ல வெள்ளையணுக்கள் குறைவதால் காய்ச்சல் விடாமல் வருகிறது. 1940-களில் கடுமையான இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகள் சில வாரங்களிலோ சில மாதங்களிலோ இறந்தனர். அவர்களைக் காக்கும் வழி எவருக்கும் தெரியவில்லை.

இளமையும் கல்வியும்

அக்காலத்தில் மருத்துவம் பயின்ற மாணவர்களுள் ஒருவர் எட்வர்டு டொனால் தாமஸ். இவர் 1920-ஆம் ஆண்டு மார்ச்சு 15-ஆம் நாள் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் மார்ட் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் அவ்வூர் மருத்துவர், தாயார் ஆசிரியர். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பயின்று முதுகலைப் பட்டம் பெற்ற தாமஸ், பின்னர் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1946-இல் மருத்துவர் ஆனார்.

டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் இதழியல் பயின்ற டோரதி மார்ட்டின் என்பவரை அவர் 1942-இல் மணந்தார். கணவரின் பணியில் துணைநிற்க விரும்பிய டோரதி, இதழியலை விடுத்து மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பம் கற்றார். ஆய்வகத்தில் இரத்த மாதிரிகளைச் சோதித்தார். ஆய்வுக் கட்டுரைகளைச் செம்மைப்படுத்தினார். பிற்காலத்தில் ஆய்வுத் திட்டம் முழுவதையும் நிருவகித்தார். தாமஸின் ஆய்வு வாழ்க்கையில் டோரதியின் பங்கு இல்லாத பகுதி இல்லை.

தாமஸ் மருத்துவப் பயிற்சி பெற்ற பாஸ்டன் நகரில், 1948-இல் சிட்னி ஃபார்பர் என்னும் மருத்துவர், இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்கு ஒரு புதிய மருந்தினைக் கொடுத்துப் பார்த்தார். நோய் சில காலம் தணிந்தது. ஆனால் மீண்டும் வந்தது. அம்மருந்தினை உருவாக்கிய குழுவிற்குத் தலைமை தாங்கியவர் எல்லாப்பிரகட சுப்பாராவ் என்னும் இந்தியர். ஆந்திரத்தின் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, அமெரிக்கா சென்று ஆய்வு செய்தவர் அவர். அவருடைய குழுவினர் உருவாக்கிய மற்றொரு மருந்தான மெத்தோடிரெக்சேட், பின்னாளில் தாமஸின் ஆய்விலும் பெரும்பங்கு வகித்தது.

எலிகள் காட்டிய வழி

1945-இல் ஜப்பானின் ஹிரோஷிமா, நாகசாகி ஆகிய நகரங்களின்மீது அணுகுண்டுகள் வீசப்பட்டன. குண்டுவீச்சில் உடனே இறவாதவர்களுள் பலர், கதிர்வீச்சினால் சில வாரங்களில் இறந்தனர். கதிர்வீச்சு மஜ்ஜையை அழித்துவிடுவது அதற்கு முதன்மையான காரணமாய் இருந்தது. கதிர்வீச்சிலிருந்து உயிர்களைக் காப்பது எப்படி என்று அறிவியலாளர்கள் ஆராயத் தொடங்கினர். 1951-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, பெருமளவு கதிர்வீச்சுக்கு உள்ளான எலிகளின் உடலில் நலமான மஜ்ஜையைச் செலுத்தினால் அவை பிழைக்கின்றன என்று காட்டியது.

இச்செய்தி தாமஸின் சிந்தனையைத் தூண்டியது. கதிர்வீச்சு மஜ்ஜையை அழிக்கிறது. செலுத்தப்பட்ட மஜ்ஜை உயிரைக் காக்கிறது. அப்படியானால், இரத்தப் புற்றுநோயாளியின் நோயுற்ற மஜ்ஜையைக் கதிர்வீச்சினால் அழித்துவிட்டு, நலமுடைய மற்றொருவரின் மஜ்ஜையைச் செலுத்தலாம் அன்றோ? களை மண்டிய நாற்றங்காலைத் துப்புரவாக்கிப் புதிய விதை இடுவதைப் போன்றது இது.

1955-இல் தாமஸ் நியூயார்க் மாநிலத்தின் கூப்பர்ஸ்டவுன் என்னும் சிற்றூரில் இருந்த மருத்துவமனையில் சேர்ந்தார். அங்கே ஜோசப் ஃபெர்ரபி என்னும் மருத்துவருடன் இணைந்து இவ்வாய்வைத் தொடங்கினார்.

ஆறு நோயாளிகள்

1957-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் தாமஸும் அவருடைய குழுவினரும் ஒரு கட்டுரை வெளியிட்டனர். வேறு எவ்வகையாலும் பிழைக்க வழியில்லாத 6 நோயாளிகளுக்குக் கதிர்வீச்சோ மருந்தோ அளித்து, பிறருடைய மஜ்ஜையைச் சிரை வழியாகச் செலுத்திய செய்தி அதில் இருந்தது. ஊசி வழியாகச் செலுத்திய மஜ்ஜை, உடலுக்குத் தீங்கு செய்யவில்லை. ஆனால், இரண்டு நோயாளிகளின் உடலில் மட்டுமே அது வேர்கொண்டது. அதுவும் சிறிது காலமே. நோயாளிகள் அறுவரும் 100 நாள்களுக்குள் இறந்தனர்.

இத்தோல்வியைத் தாமஸ் மறைக்கவில்லை. என்ன செய்யப்பட்டது, எது பலித்தது, எது பலிக்கவில்லை என்பவற்றை உள்ளவாறே எழுதி வெளியிட்டார். அவ்வாறு எழுதியதனால்தான் பிறரும் அதனைப் படித்து ஆராய முடிந்தது.

அதே காலத்தில் அவருடைய குழுவினர் ஒத்த இரட்டையருள் ஒருவராய்ப் பிறந்த நோயாளிகளுக்கும் மருத்துவம் செய்தனர். ஒத்த இரட்டையர் என்போர் ஒரே கருவிலிருந்து தோன்றியவர்கள். அவர்களுடைய உடலணுக்கள் ஒரே தன்மை உடையவை. நலமாக இருந்த இரட்டையரின் மஜ்ஜையை நோயுற்ற இரட்டையருக்குச் செலுத்தியபோது, அது எளிதில் வேர்கொண்டது. நோயாளியின் இரத்தம் நலம் பெற்றது. ஆனால், சில மாதங்களில் புற்றுநோய் திரும்பியது.

ஏன் தவறியது?

இந்நிகழ்ச்சிகளைப் பிறர் தோல்வி என்று மட்டும் கண்டனர். தாமஸோ அவற்றுள் இரண்டு கேள்விகளைக் கண்டார்.

முதற்கேள்வி: இரட்டையரிடம் வேர்கொண்ட மஜ்ஜை, மற்றவர்களிடம் ஏன் வேர்கொள்ளவில்லை? இரண்டாம் கேள்வி: மஜ்ஜை வேர்கொண்ட பின்னும் புற்றுநோய் ஏன் திரும்புகிறது?

முதற்கேள்விக்கான விடை நம் அணுக்களின் மேற்பரப்பில் உள்ளது. பெரும்பாலான அணுக்களின்மீது சில அடையாளக் குறிகள் உண்டு. அவற்றில் பாதியைத் தந்தையிடமிருந்தும் பாதியைத் தாயிடமிருந்தும் நாம் பெறுகிறோம். உடலைக் காக்கும் வெள்ளையணுக்கள் இக்குறிகளைக் கொண்டே ‘இது நம் அணு, இது அயல் அணு’ என்று பிரித்தறிகின்றன. குறிகள் பொருந்தாவிட்டால், நோயாளியின் உடல் புதிய மஜ்ஜையை ஏற்க மறுக்கும். சில வேளைகளில் இதற்கு நேர்மாறாகவும் நிகழும். புதிய மஜ்ஜையிலிருந்து தோன்றிய வெள்ளையணுக்கள், தாம் புகுந்த உடலையே அயலாகக் கருதித் தோல், குடல், கல்லீரல் ஆகியவற்றைத் தாக்கும். விருந்தினராக வந்தவர் வீட்டாரையே தாக்குவது போன்றது இது. மஜ்ஜை மாற்று மருத்துவத்தின் மிகப் பெரிய இடர் இதுவே.

1950-களின் இறுதியில் இக்குறிகளைப் பற்றிய அறிவு அரும்பத் தொடங்கியிருந்தது. பிரான்சு நாட்டின் ழான் டோசே 1958-இல் அவற்றுள் முதலாவதைக் கண்டறிந்தார். எனினும் கொடையாளரையும் நோயாளியையும் பொருத்திப் பார்க்கும் சோதனைகள் அப்போது இல்லை. உலகின் பிற இடங்களில் நடந்த முயற்சிகளும் தோல்வியடைந்தன. இம்மருத்துவம் ஒருபோதும் பலிக்காது என்று எண்ணிப் பல மருத்துவர்கள் அதனைக் கைவிட்டனர்.

ஆய்வகத்திற்குத் திரும்புதல்

தாமஸின் முன் மூன்று வழிகள் இருந்தன. காரணம் அறியாமலேயே மேலும் பல நோயாளிகளிடம் அம்முறையைத் தொடர்ந்து முயலலாம். எல்லோரையும் போல அதனைக் கைவிடலாம். அல்லது நோயாளிகளிடம் முயல்வதை நிறுத்திவிட்டு, காரணத்தைக் கண்டறியும் வரை ஆய்வகத்தில் உழைக்கலாம். முதல் வழி நோயாளிகளுக்குத் துன்பம் தருவது. இரண்டாம் வழி இனி வரும் நோயாளிகளைக் கைவிடுவது. தாமஸ் மூன்றாம் வழியைத் தேர்ந்தார்.

அவருடைய குழுவினர் நாய்களிடம் ஆய்வு நடத்தினர். தொடக்கத்தில் அவையும் பெரும்பாலும் இறந்தன. ஆனால், ஒரே ஈற்றில் பிறந்த நாய்களுக்கிடையே மஜ்ஜையை மாற்றியபோது அவற்றுள் சில நெடுநாள் நலமாக வாழ்ந்தன. அந்தச் சில நாய்கள் பிழைத்தது தற்செயலா, அதற்குக் காரணம் உண்டா என்று அவர்கள் ஆராய்ந்தனர்.

இதற்கிடையில் கனடாவின் டொரண்டோ நகரில் ஜேம்ஸ் டில், எர்னஸ்ட் மெக்கல்லக் என்னும் இரு அறிவியலாளர்கள் 1961-இல் ஒரு முக்கியமான ஆய்வை வெளியிட்டனர். கதிர்வீச்சுக்கு உள்ளான எலிகளுக்கு மஜ்ஜையைச் செலுத்தியபோது, அவற்றின் மண்ணீரலில் சிறு சிறு முடிச்சுகள் தோன்றின. ஒவ்வொரு முடிச்சும் ஒரே ஓர் அணுவிலிருந்து பெருகியது என்பதை அவர்களும் அவர்களுடைய குழுவினரும் பின்னர் மெய்ப்பித்தனர். பலவகை இரத்த அணுக்களைத் தோற்றுவிக்கும் குருத்தணு உண்மையிலேயே உள்ளது என்பதற்கு இது சான்றாயிற்று. மஜ்ஜையில் உள்ள விதை எது என்பது இவ்வாறு தெளிந்தது.

1963-இல் தாமஸ் சியாட்டில் நகருக்குச் சென்று வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பணியேற்றார். அங்கே ரெய்னர் ஸ்டார்ப் முதலிய இளம் ஆய்வாளர்கள் அவருடன் இணைந்தனர். நாய்களின் வெள்ளையணுக் குறிகளைச் சோதித்தறியும் முறையை அவர்கள் உருவாக்கினர். குறிகள் பொருந்திய உடன்பிறப்புகளைத் தேர்ந்து மஜ்ஜையை மாற்றினர். மாற்றிய பின், வெள்ளையணுக்களின் தாக்குதலை அடக்க மெத்தோடிரெக்சேட் மருந்தைச் சிறிதளவு கொடுத்தனர். நாய்கள் பிழைத்தன. முன்பு சில நாய்கள் மட்டும் பிழைத்தது தற்செயல் அன்று என்பது உறுதியாயிற்று.

மீண்டும் நோயாளியிடம்

1969-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் தாமஸின் குழுவினர், முற்றிய இரத்தப் புற்றுநோய் உடைய ஒருவருக்கு, குறிகள் பொருந்திய அவருடைய உடன்பிறப்பின் மஜ்ஜையைச் செலுத்தினர். 6 நோயாளிகளைப் பற்றிய கட்டுரை வெளிவந்து ஏறத்தாழ 12 ஆண்டுகள் உருண்டோடிவிட்டன. அம்மாதத்தில் தாமஸுக்கு 49 வயது நிறைந்தது.

வெற்றி ஒரே நாளில் வந்துவிடவில்லை. பழைய மஜ்ஜை அழிந்து புதியது வளரும் வரை நோயாளியின் உடலில் நோயை எதிர்க்கும் ஆற்றல் இருப்பதில்லை. சிறு கிருமியும் உயிரைப் பறித்துவிடும். ஆகவே, தூய காற்று மட்டும் புகும் அறைகள் அமைக்கப்பட்டன. செவிலியர் இரவும் பகலும் விழிப்புடன் நோயாளிகளைக் காத்தனர். தட்டணுக்களைப் பிரித்துச் செலுத்தும் முறைகள் மேம்படுத்தப்பட்டன. 1975-இல் சியாட்டிலில் ஃபிரெட் ஹட்சின்சன் புற்றுநோய் ஆய்வு மையம் திறக்கப்பட்டது. தாமஸின் பணி அங்கே தொடர்ந்தது.

1977-இல் அவர்கள் 100 இரத்தப் புற்றுநோயாளிகளின் வரலாற்றை வெளியிட்டனர். மருந்துகள் யாவும் பயனற்றுப் போன பிறகே அவர்கள் இம்மருத்துவத்திற்கு வந்தவர்கள். அவர்களுள் 13 பேர் புற்றுநோய் நீங்கி வாழ்ந்துகொண்டிருந்தனர். 13 என்பது சிறிய எண்ணாகத் தோன்றலாம். ஆனால், வேறு வழியே இல்லாதவர்கள் அவர்கள் என்பதை நினைத்துப் பார்த்தால் அவ்வெண்ணின் மதிப்பு விளங்கும்.

இம்முடிவிலும் தாமஸ் ஒரு கேள்வியைக் கண்டார். நோய் முற்றிய பிறகு செய்வதில் 13 பேர் பிழைத்தார்கள் எனில், மருந்தினால் நோய் தணிந்திருக்கும் தொடக்க நிலையிலேயே செய்தால் என்ன? அவ்வாறு செய்தபோது நல்ல பயன் கிடைத்தது. 1979-இல் வெளியான கட்டுரையின்படி, அந்நிலையில் மஜ்ஜை பெற்றவர்களுள் பாதிக்கும் மேற்பட்டோர் உயிர் பிழைத்திருந்தனர்.

முன்னர் எழுந்த இரண்டாம் கேள்விக்கும் அதே ஆண்டில் ஒரு விடை கிடைத்தது. புதிய மஜ்ஜையின் வெள்ளையணுக்கள் நோயாளியின் உடலை ஓரளவு தாக்கியவர்களிடம், புற்றுநோய் திரும்புவது குறைவாக இருந்தது. உடலைத் தாக்கும் அவ்வணுக்கள், எஞ்சியிருக்கும் புற்றணுக்களையும் தேடி அழிக்கின்றன என்பது இதனால் புலனாயிற்று. ஒத்த இரட்டையரிடம் இத்தாக்குதல் நிகழ்வதில்லை. அதனால்தான் மஜ்ஜை நன்கு வேர்கொண்டும் அவர்களிடம் நோய் திரும்பியது. இடர் என்று எண்ணியதிலேயே ஒரு நன்மையும் மறைந்திருந்தது.

ஐந்தாம் உறுப்பு

திருக்குறளின் ‘மருந்து’ என்னும் அதிகாரம், மருத்துவம் நான்கு உறுப்புகளை உடையது என்று கூறுகிறது. நோயுற்றவர், நோய் தீர்க்கும் மருத்துவர், மருந்து, அருகிலிருந்து காப்பவர் என்பன அவை. குருத்தணு மாற்று மருத்துவத்திற்கு ஐந்தாவதாக ஒருவரும் தேவை. அவர் கொடையாளர்.

ஒருவருடைய அணுக்குறிகள் அவருடைய உடன்பிறப்பின் குறிகளோடு முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு 4-இல் 1 ஆகும். உடன்பிறப்பே இல்லாதவர்களும் உண்டு. அவர்கள் என்ன செய்வது? 1979-இல் இரத்தப் புற்றுநோய் கண்ட 10 வயதுச் சிறுமிக்கு இக்கேள்வி எழுந்தது. குடும்பத்தில் எவருடைய குறிகளும் பொருந்தவில்லை. ஆனால், சியாட்டில் ஆய்வு மையத்தில் பணியாற்றிய ஒருவரின் குறிகள் பொருந்தின. அவருடைய மஜ்ஜை சிறுமியின் உடலில் வேர்கொண்டது. பின்னாளில் நோய் திரும்பியதால் அச்சிறுமியைக் காக்க முடியவில்லை. எனினும், உறவினர் அல்லாதவரும் இரத்தப் புற்றுநோயாளிக்கு மஜ்ஜை வழங்க இயலும் என்பது தெளிவாயிற்று. அவளுடைய குடும்பத்தாரும் பிறரும் எடுத்த முயற்சியினால், அமெரிக்காவில் 1980-களில் தேசியக் கொடையாளர் பதிவேடு தொடங்கப்பட்டது.

தாமஸின் குழுவினர் கண்டறிந்த முறை இந்தியாவிற்கும் வந்தது. சியாட்டிலில் பயிற்சி பெற்றுத் திரும்பிய மருத்துவர் சுரேஷ் அத்வானி, 1983-இல் மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் இந்தியாவின் முதல் வெற்றிகரமான மஜ்ஜை மாற்று மருத்துவத்தைச் செய்தார். எட்டு வயதில் இளம்பிள்ளை வாதத்தால் பாதிக்கப்பட்டு, சக்கர நாற்காலியில் இருந்தபடியே மருத்துவம் பயின்று பணியாற்றியவர் அவர். 1986-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் இப்பணி தொடங்கியது. பிறவியிலேயே வரும் தலசீமியா என்னும் இரத்த நோய்க்கும் அங்கே இம்முறையில் மருத்துவம் செய்யப்படுகிறது.

ஒரே மரபுவழியில் வந்தவர்களிடையே அணுக்குறிகள் பொருந்தும் வாய்ப்பு மிகுதி. இந்தியக் குழந்தை ஒன்றுக்குப் பொருத்தமான கொடையாளர் இந்தியரிடையே கிடைப்பதற்கே வாய்ப்பு மிகுதி என்பது இதன் பொருள். அதனால் நம் நாட்டிற்கும் ஒரு பதிவேடு தேவைப்பட்டது. 2009-இல் சென்னையில் தொடங்கப்பட்ட ‘தாத்ரி’ அத்தகைய பதிவேடுகளுள் ஒன்று. 18 வயது நிரம்பி, பதிவேட்டின் வயது வரம்புக்குள் இருக்கும், நல்ல உடல்நலம் உடையவர்கள் இதில் பெயர் பதியலாம். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் துடைத்து எடுத்தாலே சோதனைக்குப் போதும். இன்று பெரும்பாலும் எலும்பிலிருந்து மஜ்ஜையை எடுப்பதும் இல்லை. கொடையாளருக்குச் சில நாள்கள் மருந்து செலுத்தி, குருத்தணுக்களை இரத்த ஓட்டத்திற்கு வரச்செய்து, கருவியின் உதவியால் கையிலிருந்தே பிரித்தெடுக்கின்றனர். கொடுத்த குருத்தணுக்கள் சில வாரங்களில் கொடையாளரின் உடலில் மீண்டும் வளர்ந்துவிடும்.

நோபல் பரிசு

1990-ஆம் ஆண்டு டொனால் தாமஸுக்கு மருத்துவத்திற்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. 1954-இல் ஒத்த இரட்டையருக்கிடையே சிறுநீரகத்தை மாற்றிப் பொருத்தி வெற்றி கண்ட ஜோசப் மர்ரியும் அப்பரிசைப் பகிர்ந்துகொண்டார். தாமஸ் 2012-ஆம் ஆண்டு அக்டோபர் 20-ஆம் நாள் தம் 92-ஆம் வயதில் மறைந்தார். அதே ஆண்டின் இறுதியில், உலகில் அதுவரை செய்யப்பட்ட குருத்தணு மாற்று மருத்துவங்களின் எண்ணிக்கை 10 இலட்சத்தை எட்டியது. தம் சொந்தக் குருத்தணுக்களையே திரும்பப் பெற்றவர்களும் இவ்வெண்ணிக்கையில் அடங்குவர்.

அந்த 10 இலட்சம் பேருக்கும் முன்னே 1957-ஆம் ஆண்டின் அந்த 6 பேர் நிற்கின்றனர். அவர்களைத் தாமஸால் காப்பாற்ற முடியவில்லை. ஆனால், அவர்கள் ஏன் இறந்தார்கள் என்ற கேள்வியை விடாமல் கேட்டதனால், பின்னால் வந்த பலரைக் காப்பாற்ற முடிந்தது. தாமஸ் கேட்ட கேள்விகளுக்குப் பெரும்பாலும் விடை கிடைத்துவிட்டது. பொருத்தமான கொடையாளர் கிடைப்பாரா என்ற கேள்விக்கு மட்டும் ஆய்வகம் விடை கூற இயலாது. அவ்விடை மக்களிடம் உள்ளது.

சொல்லும் பொருளும்

நாற்றங்கால் – நாற்றுகளை வளர்க்கும் சிறு நிலம்
குருத்தணு – பிற அணுக்களைத் தோற்றுவிக்கும் அணு
உயிர்வளி – ஆக்சிஜன்
கதிர்வீச்சு – ஊடுருவும் ஆற்றல்மிக்க கதிர்கள் வெளிப்படுதல்
ஈற்றில் – ஈன்ற முறையில். ஒரே ஈற்றில் – ஒரே பேற்றில்
இடர் – துன்பம், தடை
கொடையாளர் – மனமுவந்து கொடுப்பவர்
பலித்தல் – பயன் தருதல்

மதிப்பீடு

அ. கோடிட்ட இடங்களை நிரப்புக.

1. இரத்த அணுக்கள் தோன்றும் இடம் ________.
2. காயம்பட்ட இடத்தில் இரத்தம் உறைய உதவுபவை ________.
3. மெத்தோடிரெக்சேட் மருந்தை உருவாக்கிய குழுவின் தலைவர் ________.
4. இந்தியாவின் முதல் வெற்றிகரமான மஜ்ஜை மாற்று மருத்துவம் ________ ஆம் ஆண்டில் நடைபெற்றது.

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.

1. இரத்தப் புற்றுநோயில் மஜ்ஜைக்கு என்ன நேர்கிறது?
2. 1951-இல் வெளிவந்த எலிகள் பற்றிய ஆய்வு எதனைக் காட்டியது?
3. ஒத்த இரட்டையரிடம் மஜ்ஜை எளிதில் வேர்கொள்வது ஏன்?
4. மருத்துவத்தின் நான்கு உறுப்புகள் யாவை?

இ. விரிவாக விடை எழுதுக.

1. தொடக்க முயற்சிகள் தவறிய பின் தாமஸின் முன் இருந்த மூன்று வழிகள் யாவை? அவர் தேர்ந்த வழியைப் பற்றி உன் கருத்து என்ன?
2. ‘இடர் என்று எண்ணியதிலேயே ஒரு நன்மையும் மறைந்திருந்தது.’ – இத்தொடரைப் பாடப்பகுதி கொண்டு விளக்குக.
3. தோல்வியுற்ற ஆய்வையும் உள்ளவாறே வெளியிடுவதனால் விளையும் பயன்களை எழுதுக.

ஈ. பிரித்து எழுதுக.

1. சிவப்பணு
2. குருத்தணு
3. இடுப்பெலும்பு
4. எனினும்

உ. எதிர்ச்சொல் எழுதுக.

1. வெற்றி
2. ஏற்க
3. நன்மை
4. மிகுதி

ஊ. தொடரில் அமைத்து எழுதுக.

1. வேர்கொள்
2. துணைநில்
3. கைவிடு
4. தற்செயலாக

எ. செயல்பாடு

குருத்தணுக்கொடை பற்றி உன் வீட்டுப் பெரியவர்களிடம் தமிழில் எடுத்துக்கூறுக. அவர்கள் கேட்கும் கேள்விகளுள் மூன்றினைக் குறித்துக்கொள்க. அவற்றுக்கான விடைகளை அறிவியல் ஆசிரியரிடமோ மருத்துவரிடமோ கேட்டறிந்து, வகுப்பில் படித்துக் காட்டுக.